தன் தவறைத் தானே தேடிய டாக்டர்

கழுத்துக் கழலையை வென்ற தியோடர் கோக்கரின் வாழ்க்கை

1883-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில் ஒரு மாநாடு நடந்தது.

ஆபரேஷன் செய்வதில் பேர் பெற்ற டாக்டர்கள் அங்கே கூடியிருந்தார்கள். தாங்கள் கண்ட புதுமைகளையும், பெற்ற வெற்றிகளையும் ஒவ்வொருவராக எடுத்துச் சொன்னார்கள்.

அவர்கள் நடுவே ஒருவர் எழுந்தார். தாடி வைத்தவர். வயது 41. பக்கத்து நாடான சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்.

அவரிடமும் ஒரு பெரிய வெற்றிக் கணக்கு இருந்தது. கழுத்துக் கழலைக்காக 101 ஆபரேஷன்கள் செய்திருந்தார். அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் கணக்கு.

ஆனால் அவர் அதோடு உட்கார்ந்துவிடவில்லை. உயிர் பிழைத்து வீட்டுக்குப் போன நோயாளிகள் பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் சொன்னார். பலர் உருக்குலைந்து போனார்கள். அதற்குத் தாம் செய்த ஆபரேஷனே காரணம் என்று எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்.

அவர்தான் தியோடர் கோக்கர். பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஆபரேஷன் டாக்டர்களில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் மனிதர் அவரே.

அழகான நாட்டுக்கு ஒரு குறை

சுவிட்சர்லாந்து என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பனி மூடிய ஆல்ப்ஸ் மலை. கைக்கடிகாரம். சாக்லெட். சினிமாவில் கதாநாயகனும் கதாநாயகியும் ஓடிப் பாடும் பச்சைப் புல்வெளி.

அந்த நாட்டுக்கு ஒரு காலத்தில் வேறொரு அடையாளமும் இருந்தது. அதுதான் கழுத்துக் கழலை.

மலைக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு கழுத்து வீங்கிய மனிதர்கள் இருந்தார்கள். சிலருக்கு எலுமிச்சம்பழம் அளவு. சிலருக்குத் தேங்காய் அளவு. சிலருக்கோ மார்பு வரை தொங்கும்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதிப் பெண்கள் கழுத்தை ஒட்டி அகலமான பட்டை அணிவது உண்டு. பார்ப்பதற்கு நகை போல இருக்கும். கழலையை மறைக்கவும் அது உதவியது!

நம் கழுத்தின் முன்பக்கத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, ஒரு சுரப்பி இருக்கிறது. சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போல, மூச்சுக்குழாயை அணைத்தபடி இருக்கும். அதன் பெயர் தைராய்டு. அது வீங்கிப் பெருத்தால் அதுதான் கழலை.

கழலை சிறியதாக இருக்கும்வரை பெரும்பாலும் வலி இல்லை. பார்வைக்குத்தான் குறை. ஆனால் வளர்ந்துவிட்டால் மூச்சுக்குழாயை அழுத்தும். படுத்தால் மூச்சு முட்டும். சோறு தொண்டையில் இறங்காது. குரல் கம்மிப் போகும்.

இது ஏன் வருகிறது? காரணங்கள் பல. மலைநாட்டில் முக்கியமான காரணம், உணவில் அயோடின் என்னும் சத்து போதாமைதான். தைராய்டு சுரப்பி தன் வேலையைச் செய்ய அயோடின் வேண்டும். அது கிடைக்காவிட்டால், கிடைப்பதைப் பிடித்துக்கொள்ள அந்தச் சுரப்பி பெரிதாகி வளரும். பனியும் மழையும் ஆல்ப்ஸ் மலை மண்ணிலிருந்த அயோடினை அடித்துக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் எப்படி வரும்? பயிரில் இல்லாதது பாலில் எப்படி வரும்?

இதெல்லாம் இன்று நமக்குத் தெரியும். அன்று தெரியாது. தண்ணீரில் குற்றம் என்றார்கள் சிலர். காற்றில் குற்றம் என்றார்கள் வேறு சிலர்.

கத்தியா, கழலையா?

கழலைக்கு வைத்தியமே இல்லையா? இருந்தது. கடல் பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொடுப்பது பழைய வைத்தியம். 1820-ம் ஆண்டில் ஜெனீவா நகரத்து டாக்டர் குவாந்தே என்பவர் அயோடினையே மருந்தாகக் கொடுத்தார். சிலருக்குக் கழலை சுருங்கியது. ஆனால் அளவு தெரியாமல் அள்ளிக் கொடுத்ததால் சிலருக்கு நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது. மக்கள் பயந்துவிட்டார்கள்.

மிஞ்சியிருந்தது கத்தி ஒன்றுதான்.

ஆனால் அந்தக் கத்திக்கு யாரும் துணியவில்லை. தைராய்டு சுரப்பியில் ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். கத்தி பட்டால் ரத்தம் பீறிட்டு வரும். அதில் தப்பினால் புண் சீழ் பிடிக்கும். பக்கத்தில் ஓடும் மெல்லிய நரம்பு அறுந்தால் குரல் போய்விடும்.

1850-ம் ஆண்டு வாக்கில் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 100-க்கு சுமார் 40 பேர் இறந்தார்கள். பிரான்ஸ் நாட்டு மருத்துவக் கழகம் இந்த ஆபரேஷனே கூடாது என்று கண்டித்தது.

கழலையோடு மூச்சுத் திணறி வாழ்வதா? கத்திக்குக் கழுத்தைக் கொடுத்து உயிரைப் பணயம் வைப்பதா? ஆல்ப்ஸ் மலைக் குடும்பங்கள் இந்தக் கேள்வியோடு தவித்தன.

அந்தக் குடும்பங்களின் நாட்டில்தான் கோக்கர் பிறந்தார்.

என்ஜினீயர் மகன்

சுவிட்சர்லாந்தின் தலைநகரான பெர்ன் நகரில் 1841-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி கோக்கர் பிறந்தார். தந்தை என்ஜினீயர். தாயார் மிகுந்த தெய்வ பக்தி உடையவர். தாயின் பக்தி மகனுக்கும் வந்தது. கடைசி வரை அது அவரை விட்டுப் போகவில்லை.

பெர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, 1865-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அதோடு திருப்தி அடையவில்லை. பெர்லின், லண்டன், பாரிஸ், வியன்னா என்று ஊர் ஊராகப் போனார். பெரிய டாக்டர்கள் ஆபரேஷன் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். வியன்னாவில் புகழோடு விளங்கிய பில்ராத் என்ற மேதையிடம் பாடம் கேட்டார்.

ஊருக்குத் திரும்பி உதவி டாக்டராக வேலை பார்த்தார். 1869-ல் மேரி விட்சி என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் ஆல்பர்ட், பிற்காலத்தில் டாக்டராகித் தந்தைக்கே உதவியாளர் ஆனார்.

1872-ல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் தலைமை ஆபரேஷன் டாக்டர் பதவி காலியாயிற்று. பேராசிரியர்கள் சிலர் ஜெர்மனியிலிருந்து ஒருவரைக் கொண்டுவர எண்ணினார்கள். மாணவர்களோ கோக்கர்தான் வேண்டும் என்றார்கள். அரசாங்கம் கோக்கரையே நியமித்தது.

அப்போது அவருக்கு வயது 30! அந்தப் பதவியில் 45 ஆண்டுகள் இருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டும் போகவில்லை.

பொறுமையின் பலன்

அந்தக் காலத்தில் ஆபரேஷன் டாக்டருக்கு வேகம்தான் பெருமை. யார் சீக்கிரம் அறுத்து முடிக்கிறாரோ அவரே கெட்டிக்காரர்.

கோக்கர் வேறு வழியில் போனார். அவசரப்படவே மாட்டார். ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டுவார். அதன் பிறகே அறுப்பார். ரத்தக் குழாயைப் பிடிக்க அவர் அமைத்த பல் வைத்த இடுக்கி, இன்றும் ஆஸ்பத்திரிகளில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கைகளும் கருவிகளும் கட்டுத்துணிகளும் கிருமி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதில் மிகக் கண்டிப்பாக இருந்தார். இங்கிலாந்து டாக்டர் லிஸ்டர் காட்டிய வழி அது.

பிற்காலத்தில் இன்னொன்றும் செய்தார். கழலை நோயாளிக்கு முழு மயக்கம் கொடுக்காமல், கழுத்து மட்டும் மரத்துப் போக மருந்து போட்டார். நோயாளி விழித்துக்கொண்டே இருப்பார். நடுநடுவே அவரைப் பேசச் சொல்வார். குரல் தெளிவாக இருந்தால் குரல் நரம்புக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்துகொள்வார்!

பலன் கைமேல் தெரிந்தது. 100-க்கு 40 பேர் இறந்த ஆபரேஷனில், 1883-க்குள் அவரிடம் இறந்தவர்கள் 100-க்கு சுமார் 13 பேர்தான். பின்னாளில் அது இன்னும் குறைந்தது. அவர் காலம் முடிவதற்குள் 200 பேரில் ஒருவர் என்ற அளவுக்கு வந்துவிட்டது.

பெர்ன் நகருக்கு நோயாளிகள் வந்து குவிந்தார்கள்.

பதினொரு வயதுச் சிறுமி

1874-ம் ஆண்டு ஜனவரி மாதம் 11 வயதுச் சிறுமி ஒருத்தியை அழைத்து வந்தார்கள். அவளுக்கும் கழலை.

கோக்கர் ஆபரேஷன் செய்தார். சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார். மிச்சம் வைத்தால் மறுபடியும் வளருமே என்ற எண்ணம். அந்தச் சுரப்பியால் உடம்புக்கு என்ன உபயோகம் என்பது அன்று எந்த டாக்டருக்கும் தெரியாது.

சிறுமி பிழைத்தாள். புண் ஆறியது. வீட்டுக்குப் போனாள்.

சில மாதங்கள் கழித்து, அவளை அனுப்பி வைத்த உள்ளூர் டாக்டர் ஒரு சேதி சொன்னார். சிறுமியின் குணமே மாறிவிட்டதாம். சுறுசுறுப்பாக இருந்தவள் மந்தமாகிவிட்டாளாம்.

சேதி காதில் விழுந்தது. அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. ஆண்டுகள் ஓடின. இன்னும் பலருக்குச் சுரப்பியை முழுவதும் எடுத்தார்.

1882-ம் ஆண்டு செப்டம்பரில் ஜெனீவாவில் ஒரு சுகாதார மாநாடு நடந்தது. அங்கே ரெவர்தான் என்ற டாக்டரைக் கோக்கர் சந்தித்தார். ரெவர்தானும் கழலை ஆபரேஷன் செய்கிறவர்தான். சுரப்பியை முழுவதும் எடுத்த நோயாளிகள் சிலர் பிறகு சோர்ந்து, வீங்கி, மந்தமாகிப் போனதை அவர் கவனித்திருந்தார். அதைக் கோக்கரிடம் சொன்னார்.

கோக்கருக்குச் சுருக்கென்றது. எட்டு ஆண்டுகளுக்கு முன் கேட்ட சேதி இப்போது புது அர்த்தத்தோடு திரும்பி வந்தது.

அவர் என்ன செய்தார்?

பேசாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. நோயாளிகள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். புகழ் வளர்ந்துகொண்டிருந்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. தாம் ஆபரேஷன் செய்தவர்களைத் திரும்ப வரச் சொல்லி அழைத்தார்!

திரும்பி வந்தவர்கள்

சுரப்பியை முழுவதும் இழந்தவர்கள் 34 பேர். அவர்களில் 18 பேரை அவரால் நேரில் பார்க்க முடிந்தது.

18 பேரில் 16 பேர் கெட்டுப் போயிருந்தார்கள்.

முகம் உப்பியிருந்தது. தோல் உலர்ந்து தடித்திருந்தது. முடி கொட்டியிருந்தது. பேச்சு இழுத்து இழுத்து வந்தது. எப்போதும் குளிர் என்றார்கள். கை கால் அசதி. நினைவு மந்தம். சின்ன வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வளர்ச்சியே நின்றுவிட்டது.

அந்தச் சிறுமியும் வந்தாள். இப்போது வயதுக்கு வந்த பெண். ஆனால் குழந்தையின் உயரம்தான் இருந்தாள். அவளுக்கு ஒரு தங்கை. ஆபரேஷனுக்கு முன்பு இருவரும் பார்ப்பதற்கு ஒன்று போல இருப்பார்கள். அக்காள்தான் சற்று உயரம். இப்போது தங்கை அழகிய இளம் பெண்ணாக வளர்ந்து நின்றாள். அக்காள் தங்கையின் தோளுக்குக் கீழே நின்றாள்.

கோக்கர் அந்த இருவரின் படத்தையும் தமது கட்டுரையில் வெளியிட்டார். தம் கை செய்ததை ஊரறியக் காட்டினார்.

சுரப்பியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் எப்படி இருந்தார்கள்? அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஆக, விஷயம் வெட்டவெளிச்சம் ஆயிற்று. வேண்டாத உறுப்பு என்று எல்லோரும் நினைத்த தைராய்டு, மனிதனின் வளர்ச்சிக்கும் சூட்டுக்கும் அறிவுக்கும் வேண்டிய உறுப்பு!

இதைத்தான் பெர்லின் மாநாட்டில் கோக்கர் சொன்னார். கழலைக்காக இனிமேல் முழுச் சுரப்பியையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். ஒரு பகுதியையாவது விட்டு வைத்தார்.

இதை முதலில் கண்டது யார் என்று ரெவர்தானுக்கும் கோக்கருக்கும் பிறகு மனத்தாங்கல் வந்தது. நியாயமாகப் பார்த்தால் முதலில் கவனித்தவர் ரெவர்தான். நோயாளிகளைத் திரட்டி, எண்ணிக் கணக்கிட்டு நிரூபித்தவர் கோக்கர்.

கைத்திறனே வினையானது

இதில் ஒரு விசித்திரம் உண்டு.

வியன்னாவில் குரு பில்ராத்தும் கழலை ஆபரேஷன் செய்தார். அவருடைய நோயாளிகளுக்கு இந்த மந்தம் அவ்வளவாக வரவில்லை. வேறு கஷ்டம் வந்தது: கை கால் இழுத்துக்கொண்டது.

ஏன் இந்த வித்தியாசம்? அமெரிக்க டாக்டர் ஹால்ஸ்டெட் இரண்டு பேர் ஆபரேஷனையும் நேரில் பார்த்தவர். அவர் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

பில்ராத் வேகக்காரர். அவசரத்தில் சுரப்பியின் துணுக்குகள் கழுத்திலேயே தங்கிவிடும். அதனால் மந்தம் வராது. ஆனால் சுரப்பியின் பின்னால் அரிசி அளவில் நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தைக் காப்பவை அவை. அவசரத்தில் அவை அடிபட்டுவிடும். அதனால் கை கால் இழுக்கும்.

கோக்கரோ சுத்தக்காரர். சிறு சுரப்பிகளுக்கு அடிபடாது. ஆனால் தைராய்டில் ஒரு துணுக்குகூட மிஞ்சாது. அவருடைய கைத்திறனே நோயாளிக்கு வினையாகிவிட்டது!

மருந்து பிறந்தது

தவறை ஒப்புக்கொண்டதால் கோக்கரின் பெயர் கெட்டதா? இல்லை. உலக மருத்துவமே அந்தப் பக்கம் திரும்பியது.

மந்தத்துக்குக் காரணம் மூச்சுக் குறைவுதான் என்று கோக்கர் முதலில் எண்ணினார். அது சரியல்ல. லண்டன் டாக்டர்கள் ஆராய்ந்து, சுரப்பி இல்லாததே காரணம் என்று உறுதி செய்தார்கள்.

1883-லேயே கோக்கர் ஒரு பரிகாரம் தேடினார். சுரப்பியை இழந்த நோயாளிக்கு வேறொருவரின் தைராய்டுத் துண்டைக் கழுத்தில் வைத்துத் தைத்துப் பார்த்தார். பலன் நிலைக்கவில்லை. ஆனாலும் ஒருவர் உறுப்பை இன்னொருவருக்கு வைக்கும் சிகிச்சையின் சரித்திரம் அங்கேதான் தொடங்குகிறது என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

1891-ல் இங்கிலாந்தில் மரே என்ற இளம் டாக்டர், ஆட்டின் தைராய்டிலிருந்து சாறு எடுத்து, தைராய்டு வேலை செய்யாத ஒரு பெண்ணுக்கு ஊசி போட்டார். 46 வயதான அந்தப் பெண் தெளிவு பெற்று எழுந்தாள். அதன் பிறகு 28 ஆண்டுகள் வாழ்ந்தாள்! அடுத்த ஆண்டே, ஊசி வேண்டாம், வாய்வழியாகக் கொடுத்தாலே போதும் என்று கண்டார்கள்.

1914-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்க விஞ்ஞானி கெண்டால், தைராய்டின் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். இன்று லட்சக்கணக்கானவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போடும் சின்ன வெள்ளை மாத்திரையின் கதை இதுதான்.

1909-ல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு சுரப்பியின் வேலை, நோய், ஆபரேஷன் மூன்றையும் விளக்கியதற்காக அந்தப் பரிசு. மூன்று ஆண்டுகள் கழித்து, ஆராய்ச்சிக்காகப் பெர்ன் பல்கலைக்கழகத்துக்கு அவர் 2 லட்சம் பிராங்க் நன்கொடை கொடுத்தார்.

லெனின் வீட்டுக் கவலை

1913-ம் ஆண்டு. ரஷியப் புரட்சித் தலைவர் லெனின் அப்போது நாட்டை விட்டு வெளியேறி, போலந்துப் பகுதியில் வசித்துவந்தார். அவர் மனைவி குரூப்ஸ்கயாவுக்குத் தைராய்டு நோய். சுரப்பி மந்தமானதல்ல, அளவு மீறி வேலை செய்யும் வகை.

கழுத்து வீங்கியது. கண்கள் பிதுங்கின. நெஞ்சு படபடத்தது. மின்சார சிகிச்சை செய்து பார்த்தார்கள். குணம் இல்லை. மலைக் காற்று நல்லது என்று மலையடிவாரக் கிராமத்துக்குப் போய் இருந்தார்கள். அதிலும் குணம் இல்லை.

ஆபரேஷன் செய்துகொள்வதா, வேண்டாமா? எத்தனையோ வீடுகளில் எழுந்த அதே கேள்வி லெனின் வீட்டிலும் எழுந்தது. கடைசியில் இருவரும் ரெயில் ஏறிப் பெர்ன் நகருக்கு வந்தார்கள். கோக்கரைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

ஜூலை 23-ந் தேதி ஆபரேஷன் நடந்தது. சுமார் 3 மணி நேரம். முழு மயக்கம் இல்லை. குரூப்ஸ்கயா தைரியமாகத் தாங்கிக்கொண்டார்.

நோயின் தொல்லை அவரை முற்றிலும் விட்டுவிடவில்லை. ஆனால் அதன் பிறகு 25 ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தார். கணவர் மறைந்த பிறகும் ரஷியாவின் கல்வித் துறையில் பாடுபட்டார். 1939-ல், 70 வயதில் காலமானார்.

உப்பு செய்த உதவி

கோக்கர் எல்லாவற்றையும் சரியாகக் கண்டவர் அல்ல. பெர்ன் மாகாணத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கழுத்தைப் பரிசோதித்து, எந்த ஊரில் கழலை அதிகம் என்று 1889-ல் பெரிய கணக்கே வெளியிட்டார். ஆனாலும் கழலையை வராமல் தடுக்கும் வழி அவருக்குப் பிடிபடவில்லை.

அயோடின் அதிகமானால் நெஞ்சு படபடப்பு நோய் வரும் என்று எச்சரித்தார். அது உண்மைதான். ஆனால் கழலையைத் தடுக்க அள்ளிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு மனிதனுக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி அயோடின் போதும்!

அதைக் காட்டியவர் பேயார்ட் என்ற மலைநாட்டு டாக்டர். 1918-ல் ஒரு கிராமத்தில் சில குடும்பங்களுக்கு, கொஞ்சமே கொஞ்சம் அயோடின் கலந்த உப்பைக் கொடுத்தார். கழுத்துகள் சுருங்கின. 1922 முதல் சுவிட்சர்லாந்தில் அயோடின் உப்பு பரவியது. அடுத்த தலைமுறைக் குழந்தைகள் கழலை இல்லாமல் வளர்ந்தார்கள்.

நம் நாட்டில் இமயமலை அடிவாரத்திலும் இதே கதைதான். 1956-ல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பின் பலனை ஆராயத் தொடங்கினார்கள். 1962-ல் மத்திய அரசு கழலைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2006 முதல், உணவுக்கு அயோடின் கலக்காத உப்பை விற்கத் தடை இருக்கிறது. உங்கள் வீட்டு உப்புப் பாக்கெட்டைப் பாருங்கள். அதில் அயோடின் என்று அச்சிட்டிருக்கும்.

கடைசி ஆபரேஷன்

1917-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி மாலை. கோக்கருக்கு வயது 75. ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி ஆபத்தான நிலையில் இருப்பதாகச் சேதி வந்தது. உடனே போனார். ஆபரேஷனை முடித்தார்.

வீடு திரும்பியதும் உடம்பு சரியில்லை என்று படுத்தார். பிறகு எழவில்லை. ஜூலை 27-ந் தேதி உயிர் பிரிந்தது.

அவரும் அவரது ஆஸ்பத்திரியினரும் செய்த கழலை ஆபரேஷன்கள் 5 ஆயிரத்துக்கும் மேல். பெர்ன் நகரில் அவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. ஒரு பூங்கா இருக்கிறது. ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது.

இன்று கழுத்தில் வீக்கம் கண்டவர்கள் அன்றைய மக்களைப் போலப் பயப்பட வேண்டியதில்லை. எல்லாக் கழலைக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. ரத்தப் பரிசோதனையும், ஸ்கேன் படமும், தேவைப்பட்டால் ஊசியால் சிறிது எடுத்துப் பார்க்கும் சோதனையும் வழி காட்டும். பலருக்கு மாத்திரை போதும். சிலருக்கு அவ்வப்போது பார்த்துக்கொண்டாலே போதும். மூச்சை அழுத்தினாலோ, புற்றுநோய் என்ற சந்தேகம் வந்தாலோ, மருந்துக்கு அடங்காமல் சுரப்பி அதிகமாக வேலை செய்தாலோ ஆபரேஷன் பேச்சு வரும்.

கோக்கர் கைவிட்ட முழு ஆபரேஷனையும் இன்று டாக்டர்கள் தயங்காமல் செய்கிறார்கள். எப்படி? சுரப்பி செய்த வேலையை மாத்திரை செய்கிறது. ஆனால் அந்த மாத்திரையை ஆயுள் முழுவதும் தவறாமல் போடவேண்டும். ஆகையால் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் கேளுங்கள். எதற்காக எடுக்கிறார்கள்? எவ்வளவு எடுக்கிறார்கள்? எவ்வளவு விடுகிறார்கள்? பிறகு என்ன மருந்து, எத்தனை நாள்? குரலுக்கும், சுண்ணாம்புச் சத்துக்கும் என்ன பாதுகாப்பு?

கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது டாக்டரின் கடமை.

அந்தப் பதில் இன்று டாக்டர்களிடம் இருக்கிறது என்றால், அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் கோக்கர். ஆபரேஷன் முடிந்தது, புண் ஆறியது என்று அவர் கணக்கை முடித்துவிடவில்லை. வீட்டுக்குப் போனவர்களைத் திரும்ப அழைத்து, அவர்கள் முகத்தைப் பார்த்தார்.